தட்டுவது எது, தாழ்ந்தது ஏன்: ஒரு சிறிய கேம்பிங் டிரெய்லரின் ஆக்ஸிலை உயர்த்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், யூட்டா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிராண்ட் ஜங்ஷன் ஊரில் வசிக்கும் ஒரு தம்பதியின் டிரெய்லர் இது. கணவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையிலும், இயந்திரப் பொறியாளன் என்ற முறையிலும் அளவெடுப்பதிலும் முடிவெடுப்பதிலும் நான் கூடவே இருந்தேன். வெட்டியதும் வெல்டிங் வைத்ததும் அந்த ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர்.

டிரெய்லர் 13 அடி நீளம், 1980களின் நடுவில் செய்தது. மேல்பாதி ஒன்று, கீழ்பாதி ஒன்று என்று கண்ணாடியிழையில் வார்த்து நடுவில் ஒட்டிய முட்டை வடிவ உடல். கனடாவின் வின்னிபெக் நகரில் 1968இல் வந்த போலர் டிரெய்லர்தான் இந்த வகைக்கு முன்னோடி. எடை குறைவு, கூரையில் ஒட்டு இல்லாததால் மழைநீர் எளிதில் உள்ளே வராது. முப்பது நாற்பது வருடம் கழித்தும் இவை சாலையில் ஓடுவதற்கு அதுதான் காரணம். உடல் அத்தனை காலம் நீடிக்கிறது. அதைத் தாங்கும் சேசிஸும் (அடிச்சட்டம்) ஆக்ஸிலும் (சக்கரங்களைப் பிடித்திருக்கும் அச்சு) அதற்கு ஈடுகொடுப்பதில்லை. வாங்குகிறவர்கள் உடலைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்களே தவிர, குனிந்து அடியில் பார்ப்பது குறைவு.

இந்தத் தம்பதி போவது மின்சாரமும் குழாயும் உள்ள முகாம் மைதானங்களுக்கு அல்ல. யூட்டாவின் தென்பகுதியில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பொது நிலங்களில், பெரும்பாலான பகுதிகளில் 14 நாள் வரை காசு கொடுக்காமல் தங்கலாம். அங்கே போகிற சாலைகள் மண் சாலைகள். மழைக்காலத்தில் வெள்ளம் அறுத்துவிட்டுப் போன வறண்ட ஓடைகள் குறுக்கே கிடக்கும்.

2021 வசந்த காலத்தில், கேனன்வில் ஊருக்குத் தெற்கே செல்லும் காட்டன்வுட் கேன்யன் சாலையில் அப்படி ஓர் ஓடையில் இறங்கி ஏறும்போது டிரெய்லரின் அடியில் பலத்த சத்தம். கழுவுதொட்டியின் கழிவுநீர்க் குழாய் கல்லில் பட்டு அடியோடு முறிந்திருந்தது. மேட்டில் ஏறும்போது பின் பம்பரும் மண்ணை உழுதிருந்தது. வீடு திரும்பியதும், ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே 3 அங்குல ஸ்கொயர் பைப் வைத்து உயர்த்திவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். அதோடு 13 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 15 அங்குலம் மாட்டினால் இன்னும் உயரும் என்று கணவர் கணக்குப் போட்டிருந்தார். எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்வியோடுதான் அவர்கள் வந்தார்கள்.

கவனித்தவை

முதலில், பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னோம்: தண்ணீர், எரிவாயு சிலிண்டர், பேட்டரி, சாப்பாட்டுப் பெட்டிகள், மடக்கு நாற்காலிகள். அப்படியே நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தின் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். மொத்தம் 1,690 பவுண்டு, அதாவது சுமார் 767 கிலோ. அதில் 190 பவுண்டு முன்னால் ஹிட்ச்சின் (இழுக்கிற வண்டியோடு இணையும் இடம்) மேலும், 1,500 பவுண்டு ஆக்ஸிலின் மேலும் இருந்தது. ஹிட்ச் எடை மொத்தத்தில் 11 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம், ஆகவே அதில் கோளாறு இல்லை.

பிறகு சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, தரையிலிருந்து ஒவ்வொரு பாகத்தின் உயரத்தையும் எடுத்தோம். சேசிஸின் அடிப்பாகம் பதினொன்றே முக்கால் அங்குலம். ஆக்ஸில் குழாயின் அடி எட்டே முக்கால். பின் பம்பரின் அடி பன்னிரண்டரை. முறிந்த கழிவுநீர்க் குழாய் தொங்கிக்கொண்டிருந்த உயரம் 7 அங்குலம். அதாவது, முதலில் கல்லில் பட்டது ஆக்ஸிலும் அல்ல, சேசிஸும் அல்ல. சேசிஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் இறங்கி நின்ற ஒரு பிளாஸ்டிக் குழாய்.

இரண்டாவதாகக் கண்ணில் பட்டது சக்கரக்குழியின் உட்புறம். இரண்டு பக்கமும் கண்ணாடியிழை மேல், வளைவின் உச்சியில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக மினுமினுவென்று தேய்ந்திருந்தது. டயர் உராய்ந்த தடம். டயரின் உச்சிக்கும் குழிக்கும் நடுவே ஒன்றேகால் அங்குலம்தான் இடைவெளி. உள்ளே போனால், அலமாரிகளை உடலோடு பிடித்திருக்கும் ரிவெட்டுகளில் பல அறுந்து போயிருந்தன; கதவுப் பக்க அலமாரியை விரலால் அழுத்தினாலே ஆடியது. மண் சாலையில் போனால் இதெல்லாம் சகஜம் என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் புது ரிவெட் அடித்து வந்திருக்கிறார்கள்.

மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்தைக் காட்டின. இது பட்டை ஸ்பிரிங் வைத்த ஆக்ஸில் அல்ல; ரப்பர் டார்ஷன் ஆக்ஸில். வெளியே ஒரு சதுர இரும்புக் குழாய், அதற்குள் 45 டிகிரி திருப்பி வைத்த ஒரு சதுரத் தண்டு, இரண்டுக்கும் நடுவே நான்கு மூலைகளிலும் நெருக்கித் திணித்த ரப்பர் உருளைகள். தண்டின் முனையில் ஓர் இரும்புக் கை; கையின் கடைசியில் சக்கரம். சக்கரம் மேலே போனால் கை திரும்பும், தண்டு ரப்பரை நசுக்கும், ரப்பர் திருப்பித் தள்ளும். எண்ணெய் போட வேண்டியதில்லை, வெளியே தேய்கிற பாகம் கிடையாது. ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. வருடக்கணக்கில் எடையைத் தாங்கி நசுங்கியே நின்றால் அது இறுகி, அந்த வடிவத்திலேயே நிலைத்துவிடும். டிரெய்லர் சிறிது சிறிதாகத் தாழும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். சேசிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரம் தரையை விட்டு மேலே வரும் வரை தூக்க வேண்டும். ரப்பரில் உயிர் இருந்தால் எடை நீங்கியதும் கை கீழே இறங்கும்; ஓரங்குலத்துக்கு மேலாவது சக்கரம் தொங்கும். இங்கே கால் அங்குலம் இறங்கியது, அவ்வளவுதான். ஏற்றிய நிலையில் கை கிடைமட்டத்துக்கு மேலே 15 டிகிரி ஏறி நின்றது. சுருக்கமாகச் சொன்னால் சஸ்பென்ஷன் என்று ஒன்று இந்த டிரெய்லரில் இல்லவே இல்லை. ஒவ்வொரு குழியின் அடியும் நேராகச் சேசிஸுக்கும், அங்கிருந்து ரிவெட்டுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

முடிவுகளும் காரணங்களும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். உயர்த்துவது என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன, அவை உயர்த்துவது வெவ்வேறு பாகங்களை.

பெரிய டயர் மாட்டினால் எல்லாமே உயரும், ஆனால் விட்டத்தின் வித்தியாசத்தில் பாதி அளவுதான். இவர்களுடைய 175/80 ஆர்13 டயரின் விட்டம் 24 அங்குலம். 205/75 ஆர்15 டயரின் விட்டம் 27 அங்குலம். மூன்று அங்குலம் பெரிய டயர், கிடைப்பதோ ஒன்றரை அங்குல உயரம். இடைவெளி ஒன்றேகால் அங்குலமே உள்ள சக்கரக்குழியில் அந்த டயர் நுழையாது என்பது வேறு.

ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஸ்கொயர் பைப் வைத்தால் சேசிஸும் உடலும் மட்டும் உயரும். ஆக்ஸில் குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று அங்குல பைப் வைத்த பிறகும் எட்டே முக்கால் அங்குலத்தில் ஆக்ஸில் குறுக்கே நிற்கும். 9 அங்குலக் கல் ஒன்று வந்தால் நேராக அதில்தான் மோதும்.

டார்ஷன் ஆக்ஸிலில் கையின் தொடக்கக் கோணத்தை மாற்றினால் ஆக்ஸில் குழாயும் உயரும், அதன் மேலுள்ள எல்லாமும் உயரும். ஆனால் அந்தக் கோணம் ஆக்ஸில் செய்யும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். பின்னால் மாற்ற முடியாது. புது ஆக்ஸில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

முதலில் கேட்டபடி பைப் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயிரற்ற ஆக்ஸிலின் மேல் உடல் உயரே ஏறியிருக்கும். டயர் உராய்வது நின்றிருக்கும். அந்த உராய்வுதான் ஆக்ஸில் போய்விட்டது என்று வெளியே தெரிந்த ஒரே தடயம், அதுவும் மறைந்திருக்கும். சேசிஸ் வாங்கும் அடி அப்படியே தொடர்ந்திருக்கும். தாழ்ந்ததற்குக் காரணம் தேடாமல் உயர்த்தியே தீர்த்துக்கொள்கிற பழக்கம் இந்த வகைப் பழைய டிரெய்லர்களில் நிறைய இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பேசி முடிவானவை இவை.

ஆக்ஸில்: கை 22.5 டிகிரி கீழ்நோக்கித் தொடங்கும் புது டார்ஷன் ஆக்ஸில். தாங்கும் திறன் 2,000 பவுண்டு. 3,500 பவுண்டு ஆக்ஸில் வாங்கினால் இன்னும் உறுதி அல்லவா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டார்ஷன் ஆக்ஸிலில் திறன் என்பது ரப்பரின் விறைப்பு. 1,500 பவுண்டு உட்காரும் இடத்தில் 3,500 பவுண்டுக்குச் செய்த ரப்பரை வைத்தால் அது பாதி கூட இறங்காது. புதிதாக வாங்கிய பிறகும் பழைய ஆக்ஸில் போலவே விறைத்துக்கொண்டு நிற்கும், ரிவெட் அறுவதும் நிற்காது. எடைமேடைக்குப் போனது இந்த ஓர் எண்ணுக்காகத்தான்.

ஸ்கொயர் பைப்: 3 அங்குலத்துக்குப் பதில் 2 அங்குலம். புது ஆக்ஸில் மட்டுமே இரண்டரை அங்குலம் தரும் என்று கணக்கு வந்தது. அப்படியானால் பைப் எதற்கு? சக்கரக்குழிக்காக. புது ரப்பர் வேலை செய்யும், அதாவது பெரிய குழியில் சக்கரம் மூன்று அங்குலத்துக்கு மேல் எம்பும். பைப் இல்லாமல் கிடைக்கும் இடைவெளி மூன்றே முக்கால் அங்குலம். டயரில் கல்லும் களிமண்ணும் அப்பிக்கொண்டால் அது போதாது. பின் பம்பருக்கும் அந்த 2 அங்குலம் தேவைப்பட்டது. மூன்றாவது அங்குலத்துக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை, அதனால் விட்டுவிட்டோம்.

பிரேக்: பழைய ஆக்ஸிலில் பிரேக்கே கிடையாது. புது ஆக்ஸிலை மின் பிரேக்கோடு வாங்கினால் கூடுதல் செலவு குறைவு. டிரெய்லர் உயரும்போது ஈர்ப்பு மையமும் உயரும். ராக்கி மலை இறக்கங்களில் இழுக்கிற வண்டியின் பிரேக்கை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சம்மதமாக இல்லை. மனைவி அதை உடனே ஒப்புக்கொண்டார். வண்டிக்குள் பிரேக் கன்ட்ரோலர், ஏழு முனை மின் இணைப்பு, டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்ச், அதற்கு ஒரு சின்ன பேட்டரி என எல்லாம் சேர்ந்தது.

கழிவுநீர்க் குழாய்: கீழே இறங்காமல் சேசிஸை ஒட்டியே பக்கவாட்டில் கொண்டுபோய் வெளியே விடுவது. சில டாலர் குழாயும் பசையும். இது ஒன்றே அந்த இடத்தில் கிட்டத்தட்ட நான்கு அங்குல இடைவெளி கொடுத்தது.

பட்டறையில் நடந்தது

ஆக்ஸில் வருவதற்குச் சில வாரம் ஆனது. வந்ததும் டிரெய்லரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றினார்கள். பேட்டரி கழற்றப்பட்டது, எரிவாயு சிலிண்டர் இறக்கப்பட்டது, சேசிஸை ஒட்டி ஓடும் எரிவாயுச் செப்புக் குழாயையும் வெல்டிங் இடத்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். தரை, பிசின் தடவிய ஒட்டுப்பலகை. சேசிஸின் மறுபக்கத்தில் வெல்டிங் வைத்தால் அது கருகும், பற்றவும் கூடும். தகரத்தைத் தடுப்பாகச் செருகி, ஈரத்துணி போர்த்தி, தண்ணீர்க் குழாயோடு ஒருவர் கூடவே நின்றார். டிரெய்லர்காரர்கள் தாங்களே வீட்டில் இந்த வேலையில் இறங்கும்போது தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

பழைய ஆக்ஸில் சேசிஸோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. கிரைண்டரால் அறுத்து எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தபோது பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். இடப்பக்கச் சேசிஸில், ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், குழாய் உட்புறமாக வளைந்து ஹிட்ச்சை நோக்கிப் போகும் இடத்தில் துருக் கோடு ஒன்று தெரிந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கோடு போகவில்லை. அடிப்பக்கத்தில் தொடங்கிப் பக்கச் சுவரில் முக்கால் அங்குலம் ஏறியிருந்தது. விரிசல். வலப்பக்கத்திலும் அதே இடத்தில் மயிரிழை போல ஒன்று தொடங்கியிருந்தது.

இதுதான் அந்த நாளின் முக்கியமான முடிவு: ஆக்ஸில் வேலையைத் தள்ளிவைத்து, விரிசலை முதலில் பார்ப்பது. விரிசலின் முனையில் சிறு துளையிட்டு அது மேலே ஓடாமல் தடுத்தார். கோடு நெடுக வி வடிவத்தில் பள்ளம் தோண்டி வெல்டிங்கால் நிரப்பி, தேய்த்துச் சமமாக்கி, அதன் மேல் பக்கவாட்டில் தகடு வைத்தார். தகட்டின் இரு முனைகளையும் நேராக வெட்டாமல் கூம்பாக வெட்டினார். நேர்வெட்டு முனை என்றால் அழுத்தம் அந்த ஒரு கோட்டில் வந்து குவியும். அடுத்த விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

ஸ்கொயர் பைப்பிலும் அதே கவனம். ஆக்ஸில் பிடிக்கும் இடத்தில் மட்டும் சிறு துண்டாக வைக்கலாம் என்பது பட்டறையின் முதல் யோசனை. இரும்பும் மிச்சம், வேலையும் மிச்சம். அப்படி வைத்தால் மெல்லிய பழைய சேசிஸில் மொத்த எடையும் இரண்டு சிறு இடங்களில் இறங்கும். திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசையில் அந்தத் துண்டு முறுக்கிக்கொள்ளும். அதனால் பக்கத்துக்கு மூன்றடி நீளம், சுவர் கனம் 3/16 அங்குலம், முனைகள் சாய்வாக வெட்டியது. வெல்டிங்கைத் தொடர்ச்சியாக இழுக்காமல் இரண்டு அங்குலம் வைத்து இரண்டு அங்குலம் விட்டு, நீளவாக்கில் மட்டும் வைத்தார். முனையில் குறுக்கே வைக்கவில்லை. போல்ட் போகும் இடங்களில் பைப்புக்குள் குறுக்காகக் கனமான புஷ் (தடித்த குழாய்த் துண்டு) செருகி வெல்டிங் வைத்தது இன்னொரு நல்ல வேலை. அது இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்க முறுக்க வெற்றுக் குழாய் நசுங்கும், நசுங்க நசுங்க போல்ட் தளரும்.

வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகே ஆக்ஸிலைக் கொண்டுவந்து அரை அங்குல கிரேடு 8 (வலுக் கூடிய வகை) போல்ட்டில் மாட்டினார்கள். டார்ஷன் ஆக்ஸில் மேல் வெல்டிங் சூடு படவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வெந்துவிடும்.

அதற்கு முன்பு, பைப்பை டாக் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு புள்ளி வெல்டிங்) வைத்த நிலையிலேயே, ஆக்ஸிலை ஒருமுறை தற்காலிகமாகப் பொருத்தி நேர்மை பார்த்தோம். ஹிட்ச் கப்ளரின் (இழுக்கிற வண்டியின் பந்தின் மேல் மாட்டும் பாகம்) மையத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அங்கிருந்து இரு சக்கர மையங்களுக்கும் இரும்பு டேப். இடப்பக்கம் 3/8 அங்குலம் அதிகம். சேசிஸின் விளிம்பை வைத்து அளந்திருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வந்திருக்கும், ஏனென்றால் சேசிஸே முதலிலிருந்து மூலைமட்டத்தில் இல்லை. டாக்கை உடைத்து நகர்த்தி, வித்தியாசம் 1/8 அங்குலத்துக்குள் வந்த பிறகு முழு வெல்டிங். ஆக்ஸில் கோணலாக இருந்தால் டிரெய்லர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும், டயர் ஒருபக்கம் தேயும்.

உயர்ந்த பிறகு எடுத்த அளவுகள்

அதே சிமெண்ட் தரை, அதே சுமை. கை கிடைமட்டத்துக்குக் கீழே 9 டிகிரியில் நின்றது. சேசிஸின் அடி பதினாறேகால் அங்குலம். மொத்த உயர்வு நாலரை. ஆக்ஸில் குழாயின் அடி பதினொன்றேகால், அதாவது இரண்டரை அங்குலம் கூடியது. கழிவுநீர்க் குழாய் பதினைந்தேகால். முன்பு 7 அங்குலத்தில் எதுவோ ஒன்று பட்டுவிடும் என்ற நிலை மாறி, மிகத் தாழ்வான பாகமே 11 அங்குலத்துக்கு மேல் வந்தது. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பின் பம்பரின் அடி வரை உள்ள சாய்வு 12.6 டிகிரியிலிருந்து 17 டிகிரி ஆனது.

உயர்ந்ததால் மற்றவை எல்லாம் மாறின. கப்ளர் பதினாறரை அங்குலத்திலிருந்து இருபத்தொன்றுக்கு வந்தது. பழைய ஹிட்ச் இணைப்பு நான்கு அங்குலம் கீழிறங்கும் வகை. அதையே வைத்து இழுத்தால் டிரெய்லர் மூக்கு தாழ்ந்து ஓடும். கிட்டத்தட்ட நேரான இணைப்பு ஒன்றை வாங்கி, ரசமட்டத்தில் சமமாக நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். முன்பக்க ஜாக்கி எட்டவில்லை. பின்பக்கத் தாங்கு ஜாக்கிகளும் தரைக்கு எட்டவில்லை. அவற்றுக்குக் கீழே வைக்க மரக்கட்டைகள் தயாராயின. வாசற்படி நாலரை அங்குலம் உயர்ந்ததில் மனைவிக்குத்தான் சிரமம், அவருக்கு முழங்கால் வலி உண்டு. இரண்டடுக்கு மடக்குப் படி ஒன்று பொருத்தப்பட்டது. சின்னச் செலவுதான், ஆனால் அது இல்லாமல் அந்த டிரெய்லர் அவருக்குப் பயன்பட்டிருக்காது.

ஈர்ப்பு மையம் உயர்வதைப் பற்றி எனக்குக் கவலை இருந்தது. இரு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அகலத்தையும், மையத்தின் உத்தேச உயரத்தையும் வைத்துப் பார்த்தால், நின்ற நிலையில் கவிழும் கோணம் 44 டிகிரியிலிருந்து 41க்கு இறங்கியது. கவலைப்படும் அளவு அல்ல, ஆனால் பக்கக்காற்றில் முன்பை விட ஆடும். தண்ணீர்க் கேன்களையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் மேல் அலமாரியிலிருந்து தரைக்கு, ஆக்ஸிலுக்கு நேர் மேலே மாற்றச் சொன்னோம்.

தொடர்ந்து நடந்தவை

முதலில் ஊருக்குள்ளேயே ஓட்டினார்கள். சக்கர நட்டுகளை 10, 25, 50 மைல்களில் முறுக்குக் குறட்டால் சரிபார்த்தார்கள். முதல் முறை இரண்டு நட்டுகள் சற்று இறங்கின, பிறகு நின்றன. பிரேக் முதலில் மந்தமாக இருந்தது. புது பிரேக் லைனிங் பதியும் வரை அது இயல்பு.

ஒரு சம்பவத்தைக் குறிப்பிட வேண்டும். பெட்ரோல் பங்க்கிலிருந்து கூர்மையாகத் திரும்பி வெளியே வரும்போது டிரெய்லர் சக்கரங்கள் திடீரென்று பிடித்துக்கொண்டன. தானியங்கிப் பிரேக் சுவிட்ச்சின் ஊசியை அதன் கம்பி இழுத்து உருவியிருந்தது. புது ஹிட்ச் இணைப்பு பழையதை விட இரண்டு அங்குலம் நீளம், பந்தும் உயரத்தில். நேராகப் போகும்போது சரியாக இருந்த கம்பி, முழுத் திருப்பத்தில் எட்டவில்லை. மெதுவாகப் போன இடத்தில் நடந்ததால் சேதம் இல்லை. நீளமான கம்பி மாட்டி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே அடுத்த பயணம்.

இலையுதிர் காலத்தில் எஸ்கலான்டே ஊருக்குப் பக்கத்தில் பிரியும் ஹோல் இன் தி ராக் சாலைக்குப் போனார்கள். 1879-80 குளிர்காலத்தில் மார்மன் மதப்பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வண்டிகளோடு போன தடம் அது. தகரக் கூரை போல அலையலையாக மடிந்து கிடக்கும், பழைய ஆக்ஸிலாக இருந்தால் அலமாரி கையோடு வந்துவிடும். டயர் காற்றை 50 பிஎஸ்ஐயிலிருந்து 35க்குக் குறைத்தார்கள். இந்த அளவு டயர் 35 பிஎஸ்ஐயில் ஒன்றுக்கு 1,100 பவுண்டு தாங்கும். இவர்களுக்குச் சக்கரத்துக்கு 750தான். அவசரப்படாமல் ஓட்டி, 36 மைல் தொலைவிலுள்ள டான்ஸ் ஹால் ராக் வரை போய்த் திரும்பினார்கள். அதற்கப்பால் சாலை கரடுமுரடாகிறது; டிரெய்லரோடு அங்கே போகும் எண்ணம் அவர்களுக்கு இல்லை.

திரும்பி வந்ததும் அடியில் பார்த்தோம். கழிவுநீர்க் குழாயில் கீறல் இல்லை. பம்பரின் ஒரு மூலையில் மட்டும் மண் பட்டிருந்தது. சக்கரக்குழியில் முன்னரே வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தோம், டயர் தொட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக, தொடவில்லை. புதிதாக அடித்த ரிவெட்டுகளில் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தது. விரிசல் சரிசெய்த இடம் அப்படியே இருந்தது. ஆனால் எரிவாயுச் செப்புக் குழாயைத் திரும்பப் பொருத்தியபோது போட்ட பிடிகளில் ஒன்று கழன்று, குழாய் சேசிஸில் உரசத் தொடங்கியிருந்தது. அதை உடனே மாற்றி, ரப்பர் வைத்த பிடிகள் போட்டு, சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்தார்கள்.

மீண்டும் செய்தால் மாற்றுபவை

சேசிஸைச் சுத்தம் செய்து விரிசல் தேடுவது ஆக்ஸில் ஆர்டர் கொடுப்பதற்கு முன் நடக்க வேண்டிய வேலை. இங்கே விரிசல் சரிசெய்யக்கூடியதாக இருந்தது. சேசிஸையே மாற்ற வேண்டிய அளவுக்கு இருந்திருந்தால், பழைய சேசிஸின் அகலத்துக்கு அளவெடுத்துச் செய்த ஆக்ஸில் வீணாகியிருக்கும். ஹிட்ச்சை நோக்கி வளையும் இடத்தின் அடிப்பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம்; கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் போதும்.

கழிவுநீர்க் குழாயை முதல் வாரமே மாற்றியிருக்கலாம். ஆக்ஸிலுக்குக் காத்திருந்த காலம் முழுவதும் டிரெய்லர் சும்மா நின்றது. சாதாரண மண் சாலைகளுக்கு அந்த மாற்றம் மட்டுமே போதுமாக இருந்திருக்கும்.

எரிவாயுக் குழாயைத் திரும்பப் பொருத்துவதைப் பட்டறை வேலையோடு சேர்க்காமல் எரிவாயு வேலை தெரிந்தவரிடம் தனியாகக் கொடுப்பது நல்லது. ஹிட்ச் உயரம் மாறினால் கம்பி, சங்கிலி, மின் ஒயர் மூன்றையும் முழுத் திருப்பத்தில் பார்ப்பதும் முதல் ஓட்டத்துக்கு முன்பே நடக்க வேண்டும்.

15 அங்குலச் சக்கர ஆசை கணவருக்கு இன்னும் போகவில்லை. இப்போது குழியில் உச்சிப் பக்கம் ஐந்தே முக்கால் அங்குலம் இருப்பதால் விட்டத்துக்கு இடமிருக்கிறது. அகலத்துக்கு இருக்கிறதா என்பது டயரின் உட்சுவருக்கும் குழியின் உட்சுவருக்கும் நடுவே அளந்தால்தான் தெரியும். 13 அங்குல டயர்கள் தேய்ந்து மாற்றும் காலம் வரும்போது அளக்கலாம் என்று விட்டிருக்கிறோம்.